சேலைக்குப் பின்னால் ஒரு சாமியார்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. இந்தக் கூடைய நான் மடியில வச்சுக்கிடுதேன். முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்காள்லா? அது எம் மக, அக்சிலியா. அங்க உக்காந்தாத்தான் அவளுக்கு வாந்தி வராது. ஒம்போது வயசு. என்ன கிளாஸ் படிக்கான்னுதான கேக்கப் போறீங்க? எல்லாரும் அதத்தான் கேக்காங்க. அவ வீட்டுல படிக்கா. நான்தான் டீச்சர், நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ், பெல் அடிக்கிற ஆயாவும் நான்தான்.

தூத்துக்குடிக்கு, ஆயர் இல்லத்துக்குப் போறோம். ஆயர்னா எங்க சாமியார்மாருக்கெல்லாம் மேல உள்ளவரு. புகார் குடுக்கணும். யாரு மேலயா? எங்க ஊரு கோயிலப் பாக்குற பங்குச்சாமியார் மேல. மெதுவாக் கேளுங்கக்கா, பஸ்ல நாலு பேரு இருக்காங்க. ஊரு பேரு வேண்டாம். நான் ஒருத்தரோட பேரக் கெடுக்கிற ஆளு கிடையாது. சாமியார் பேரு மட்டும் எறங்கும்போது சொல்லுதேன்.

நீங்க பொட்டு வச்சிருக்கீங்க, எங்க விவரம் உங்களுக்குத் தெரியாது. மொதல்ல இருந்து சொன்னாத்தான் என் பக்கத்து நியாயம் வெளங்கும்.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் ரெனால்ட், அடுத்து இவ. ரெண்டு பேரும் எங்க ஊரு கான்வென்டுலதான் படிச்சாங்க. அங்க ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் இம்மாக்குலேட்டுன்னு ஒருத்தங்க. பேருக்கு அர்த்தம் மாசில்லாதவங்க. ம்ம், என்னத்தச் சொல்ல. போன கிறிஸ்மஸுக்குப் பள்ளிக்கூடத்துல நாடகம் போட்டாங்க. மாதா, சூசையப்பர், சிறகு வச்ச சம்மனசு, இடையர்னு ஆளுக்கு ஒரு வேஷம். எம் மகளுக்கு என்ன வேஷம் குடுத்தாங்க தெரியுமா? கழுதை. முழுக் கழுதைகூடக் கிடையாதுக்கா. பின்னங்காலு. முன்னங்காலுக்கு வேற ஒரு பிள்ளை. எம் மக அதுக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டு, சாக்கப் போத்திக்கிட்டு, பெத்லகேம் வரைக்கும் நடக்கணுமாம்.

அதுல எனக்கு என்ன வயித்தெரிச்சல்னா, இவ வீட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே வந்து சொல்லுதா. "அம்மா, வாலும் நான்தான் ஆட்டணும்"ங்கா. நான் அழுதேன். அவ வால ஆட்டி ஆட்டிக் காமிக்கா. சின்னப் பிள்ளை, அவமானம்னா என்னன்னு அதுக்குத் தெரியுமா? நாமதான பாக்கணும்.

மறுநாளே போய்ச் சிஸ்டர்கிட்டக் கேட்டேன். "எல்லா வேஷமும் ஆண்டவருக்கு ஒண்ணுதான்"ன்னாங்க. "அப்ப நீங்க பின்னங்காலா நில்லுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஜனவரியில டிசி வாங்கியாச்சு.

வேற காரணம் எதாவது இருக்கான்னு ஊருல பேசுனாங்க. இருக்கும். அதுக்கு முந்தின வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலை ஒண்ணு காலியா இருந்துச்சு. நான் பி.ஏ. வரலாறு, பி.எட். போய்க் கேட்டேன். "ஹில்டா, உங்களுக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கா கோவம்? அன்னைக்கு அவங்க ரூம் கதவ நான் சாத்தும்போது கண்ணாடி தெறிச்சிட்டு, அவ்வளவுதான். பழைய கண்ணாடி. அது வேற விஷயம்.

வீட்டுலயே பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டேன். எங்க வீட்டுக்காரவிய ஐஸ் கம்பெனியில வேலை. அவியளுக்கு எல்லாத்துக்கும் நக்கல்தான். காலையில பெல் அடிப்பேன். ஜெபம், தமிழ்த்தாய் வாழ்த்து, அப்புறம் அட்டெண்டன்ஸ். "ரெண்டே பிள்ளை இருக்குற கிளாஸுல அட்டெண்டன்ஸ் எதுக்குளா? ஒருத்தன் கட்டிலுக்கு அடியில இருக்கான், ஒருத்தி உம் முன்னால இருக்கா"ன்னு கேக்காவ. ஒழுங்குன்னு ஒண்ணு வேண்டாமா? பரிட்சையும் வப்பேன். ரெனால்ட் எப்பவும் செகண்ட் ரேங்க். அதக் கேட்டும் சிரிக்காவ.

நான் பாடம் நடத்துற விதம் வேற எங்கயும் கிடையாதுக்கா. எல்லாமே வேதத்தோட சேந்து வரும். பத்தாம் வாய்ப்பாடா? ஜெபமாலைய எடுத்து உருட்டு, பத்து பத்தா வந்துரும். பூகோளமா? பிரான்சுக்கு லூர்து மாதா, போர்ச்சுக்கல்லுக்குப் பாத்திமா மாதா, நம்ம நாட்டுக்கு வேளாங்கண்ணி. ரெனால்ட் எந்திரிச்சு, "அப்ப ரஷ்யா?"ன்னான். மாதா போகாத நாடெல்லாம் பரிட்சைக்கு வராதுன்னுட்டேன். இடி மின்னல் ஏன் வருதுன்னு இவ கேட்டா. வந்தா புனித பர்பரம்மாளக் கூப்பிடணும், ஏன் வருதுன்னு அடுத்த வருஷம் பாடத்துல வரும்னு சொன்னேன். வரலாறு எஞ் சொந்தப் பாடம்லா, அத மட்டும் அவசரப்படாம நடத்துதேன். ஆதாமுல ஆரம்பிச்சேன். இப்ப நோவா கப்பல்ல நிக்கோம்.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. பிள்ளைங்க எப்பயாவது மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கும். எந்தப் பள்ளிக்கூடத்துலதான் பிள்ளைங்க மூஞ்சத் தூக்காம இருக்கு? "நம்ம ஸ்கூல் எப்படிட்டி?"ன்னு இவகிட்ட அடிக்கடி கேப்பேன். "நல்லாருக்கும்மா"ம்பா.

இப்பத்தான்க்கா விஷயத்துக்கு வாறேன். இந்த வருஷம் இவளுக்குப் புதுநன்மை. மொத தடவை கோயில்ல நற்கருணை அப்பம் வாங்குறது. எங்கள்ல அது பெரிய விசேஷம், சின்னக் கல்யாணம் மாதிரி. வெள்ளை கவுன், தலையில பூக்கிரீடம், போட்டோ, பிரியாணி எல்லாம் உண்டு. அதுக்கு முன்னால பிள்ளைங்க பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கோயில்ல ஒரு மரப்பெட்டி இருக்கும், நடுவுல தட்டி. அந்தப் பக்கம் சாமியார் உக்காந்திருப்பாரு. இந்தப் பக்கம் நாம முட்டி போட்டு, செஞ்ச தப்பெல்லாம் சொல்லணும். அவரு மன்னிப்புக் குடுத்து, அபராதம்னு ரெண்டு மந்திரமோ மூணு மந்திரமோ சொல்லச் சொல்லுவாரு. முடிஞ்சுது.

இதுக்கெல்லாம் பிள்ளைங்களத் தயார் பண்ணுறது யாரு? அதே கான்வென்ட் சிஸ்டர்மாருதான். நான் அனுப்புவேனா? சாமியார்கிட்டப் போய், "நானே வீட்டுல சொல்லிக் குடுக்கேன், நீங்க பரிட்சை வச்சுப் பாத்துக்கிடுங்க"ன்னேன். அவரும் சரின்னுட்டாரு. அப்ப நல்லவராத்தான் இருந்தாரு.

மந்திரமெல்லாம் இவளுக்குத் தண்ணிபட்ட பாடு. பாவசங்கீர்த்தனத்துக்குத்தான் பயம். வாய் தொறக்க மாட்டேங்கா. அதான் ஒரு வழி பண்ணேன். ஹாலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவுல, வாசப்படியில எம் பழைய சேலை ஒண்ண குறுக்கக் கட்டித் தொங்கவிட்டேன். அந்தப் பக்கம் ஸ்டூலப் போட்டு பிள்ளைங்க அப்பாவ உக்கார வச்சேன், சாமியாரா. அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? மொத நாளு ரெனால்ட், "நான் டின்பால நக்கித் தின்னேன் சாமி"ன்னான். இவிய உள்ள இருந்து, "எங்கலே ஒளிச்சு வச்சிருக்கா உங்கம்மா, எனக்குந் தெரியலியே"ங்காவ. அன்னைக்கே பதவியப் பறிச்சுட்டேன். நானே உக்காந்தேன்.

சிரிக்காதீங்கக்கா. குரல கொஞ்சம் கட்டையாக்கிக்கிடுவேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேப்பேன், நேரம் மிச்சம். நான் மூக்க உறிஞ்சுறதக் கேட்டு ரெனால்ட், சாமியாரே அழுதுட்டாருன்னு பயந்து இன்னும் ரெண்டு பாவம் சேத்துச் சொன்னான்.

பழகப் பழகத்தான் இதுல என்ன சவுகரியம்னு தெரிஞ்சுது. பிள்ளைங்க மனசுல உள்ளதெல்லாம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தானா வந்து விழுது. அடிக்காண்டாம், மிரட்டாண்டாம். உலகத்துல எந்த அம்மைக்கு இது கிடைக்கும்? ஆனா ஒண்ணு. பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. அங்க கேட்டது அங்கயே செத்துப்போயிரணும். நீங்க கொலையே பண்ணிட்டுப் போய்ச் சொன்னாலும் சாமியார் யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. முன்ன ஒரு சாமியார், ராணி சொன்ன பாவத்த ராஜாகிட்டச் சொல்ல மாட்டேன்னாரு. தூக்கி ஆத்துல போட்டான், செத்தே போனாரு, வாயத் தொறக்கல. இதெல்லாம் நானே பாடம் நடத்திருக்கேன். அப்ப நான் மீறலாமா?

அதனால சேலைக்குப் பின்னால கேட்டத சேலைக்கு முன்னால நான் பேசினதே இல்ல. டின்பால் தின்னவன் எதிர வந்து நிப்பான். கை துறுதுறுங்கும். அடிக்க முடியாது. இன்னொரு டின் வாங்கி அதே இடத்துல வப்பேன். எங்க வீட்டுக்காரவிய, "நீ சாமியாராளா? பட்டம் யாரு குடுத்தா?"ன்னு கேக்காவ. சட்டம் சட்டந்தான். வெளையாட்டா இருந்தாலும் சட்டம்.

அப்படி ஒரு சனிக்கிழமை இவ வந்து முட்டி போட்டா.

"என்னை ஆசீர்வதியுங்கள் சாமி, நான் பாவி"ன்னு அழகாச் சொன்னா. அப்புறம் சேலை ஓரத்தப் பிடிச்சுத் திருகிக்கிட்டு இருக்கா. நான் பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கேன். "பயப்படாமச் சொல்லு மகளே"ன்னேன். "நான் பொய் சொன்னேன் சாமி. எங்க அம்மா, நம்ம ஸ்கூல் எப்படிருக்குன்னு கேட்டாங்க. நல்லாருக்குன்னு சொன்னேன். நல்லால்ல"ங்கா.

இருங்கக்கா, இன்னும் இருக்கு. நான் மீன் வாங்கக் கெளம்புனதும் பழைய யூனிபார்ம எடுத்துப் போட்டுக்கிடுவாளாம். இடுப்புல பத்தலியாம், ஊக்கு குத்திக்கிடுவாளாம். பின்சுவத்துப் பக்கம் நின்னா கான்வென்டுல ரீசஸ் விடுற சத்தம் கேக்கும். பிள்ளைங்க கத்திக்கிட்டு ஓடுறதக் கேட்டுக்கிட்டு நிப்பாளாம். நான் வாற சத்தம் கேட்டதும் கழட்டி மடிச்சு வச்சிருவாளாம். "அந்தோணியார்கிட்ட வேண்டுதேன் சாமி, என்னைய திரும்பப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு. எங்க அம்மாவுக்குத் தெரியாம வேண்டுதேன். அது பாவமா?"ன்னு கேக்கா.

அம்மையா இருந்தா ஓங்கி ஒரு அறை விட்டிருப்பேன், இல்லன்னா கட்டிப் பிடிச்சு அழுதிருப்பேன். எதச் செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா நான் அப்ப அம்மை கிடையாதுலா? சாமியாருலா? "மூணு அருள்நிறைந்த மரியே மந்திரம் சொல்லு மகளே, சமாதானமாப் போ"ன்னுட்டேன். அவ கொஞ்ச நேரம் போகாம அங்கயே முட்டி போட்டிருந்தா. அவ முட்டி ரெண்டும் சேலைக்குக் கீழ தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா.

யூனிபார்ம எடுத்து ஒளிச்சு வச்சிருவமான்னா, அதுவும் ரகசியத்த மீறுன மாதிரிதான. எங்கிருக்குன்னு பாக்கக்கூட இல்ல. மீன் வாங்கப் போனா மட்டும் திரும்பி வரும்போது தெருமுக்குல இருந்தே சத்தமா இருமிக்கிட்டு வருவேன். பிள்ளை அவசரத்துல ஊக்கக் குத்திக்கிடக் கூடாதுல்லா. வேற ஒண்ணும் நான் செய்யல. சொல்லவும் இல்ல. எங்க வீட்டுக்காரவியகிட்டக்கூடச் சொல்லல. உங்ககிட்டத்தான் மொதமொதல்ல சொல்லுதேன். பஸ் ஸ்டாண்டுல பக்கத்துல நின்ன அம்மாகிட்டக் கொஞ்சம் சொன்னேன், அது வேற விஷயம்.

இந்த ஆகஸ்டு பதினஞ்சு, மாதா திருநாளுக்குத்தான் புதுநன்மை. முந்தின நாளு கோயில்ல நெசமான பாவசங்கீர்த்தனம். இவ போயிட்டு வந்தா. "எல்லாம் சொன்னியாட்டி?"ன்னு கேட்டேன். என்ன சொன்னான்னு கேக்கல, சட்டம் எனக்குத் தெரியும். அவளே சொல்லுதா: "வீட்டுச் சாமியார்கிட்டச் சொன்னத அப்படியே சொன்னேம்மா. 'ஏற்கனவே மூணு மந்திரம் சொல்லிட்டேன், இன்னும் சொல்லணுமா'ன்னு கேட்டேன். சாமியாருக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்புறம், 'அது போதும், போ'ன்னுட்டாரு"ங்கா.

புதுநன்மை நல்லா நடந்துச்சு. பிரியாணிக்குக் கறி பத்தல, அது வேற விஷயம். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் பிரசங்கம் வக்காரு. என்ன சொல்லுதாரு தெரியுமா? "நம்ம பங்குல இப்ப ரெண்டு எடத்துல பாவசங்கீர்த்தனம் கேக்காங்களாம். ஒண்ணு கோயில்ல. இன்னொண்ணு ஒரு வீட்டு அடுப்பங்கரையில. அங்க அபராதம் கம்மின்னு கேள்வி"ங்காரு. கோயிலே சிரிக்கு. அத்தனை தலையும் திரும்பி என்னையப் பாக்கு. நான் என்ன செய்ய? நானும் திரும்பிப் பின்னால பாத்தேன். பின்னால சுவருதான் இருந்துச்சு.

இப்ப மீன் வாங்கப் போக முடியலக்கா. "ஹில்டா சாமியாரே, சாளையில ரெண்டு கூடப் போட்டுட்டேன், எம் பாவத்த மன்னிச்சிருங்க"ங்கா மீன்காரி. மானம் போச்சு. பாவசங்கீர்த்தனத்துல கேட்டத பிரசங்கத்துல போட்டு உடைக்கலாமா? வேட்டுப் போட்ட மாதிரி ஊருக்கே சொல்லலாமா? ரோம் வரைக்கும் போக வேண்டிய கேஸு இது. எங்க வீட்டுக்காரவியகிட்டச் சொன்னா, "உம் மவன் கடக்கரையில வலையத் தொங்கவிட்டு ஊர்ப் பயலுவளுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேக்கான், அபராதம் ரெண்டு குட்டாம், சாமியாரே நின்னு வேடிக்கை பாத்தாராம், ரகசியமாம் ரகசியம்"ங்காவ. அது வெளையாட்டு. அதையும் இதையும் சேக்கலாமா?

அதோட விட்டாரா? முந்தாநாளு வீட்டுக்கே வந்துட்டாரு. காப்பியக் குடிச்சுட்டு, "ஹில்டாம்மா, பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேத்துருங்க, அவளுக்கு ஆசையிருக்கும்லா"ங்காரு. எப்படித் தெரியும் அவருக்கு? எங்க கேட்டாரு? அந்தப் பெட்டிக்குள்ள கேட்டதுதான! ரெண்டாவது தடவையும் மீறியாச்சு. "ஊரே அதத்தானளா சொல்லுது"ன்னு அவிய சொல்லுதாவ. ஊரு என்ன பாவசங்கீர்த்தனமா கேட்டுச்சு? நான் விட மாட்டேன். அதான் சாட்சியக் கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டேன். ஆயர் முன்னால நின்னு, சாமியார்கிட்ட என்னென்ன சொன்னேன்னு இவ ஒண்ணு விடாமச் சொல்லுவா. வீட்டுல வச்சுப் பழக்கிட்டேன். அப்பத்தான மீறுனது எதுன்னு அவருக்குத் தெரியும்.

இந்தா வாறா பாருங்க. ஏட்டி, பஸ் ஓடும்போது ஏன் எந்திரிச்சு வாற? கம்பியப் பிடி. வாந்தி வருதா? பின்ன என்ன?

ஆமாட்டி, எல்லாத்தையும்தான் சொல்லணும். யூனிபார்ம் போட்டதும்தான். அந்தோணியார்கிட்ட வேண்டுனதும்தான். இதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்தோம்லா.

என்னது, பாவமா? பள்ளிக்கூடம் போகணும்னு நெனைக்கிறது என்னட்டி பாவம்? எந்த மடையன் ஒனக்கு அதப் பாவம்னு சொன்னது?

கேட்டீங்களாக்கா? "நீதானம்மா அதுக்கு அபராதம் குடுத்த"ங்கா.

ஏட்டி, அது நான் கிடையாது. அது சாமியார். சேலைக்குப் பின்னால இருந்தா சாமியார்னு எத்தனை தடவை சொல்லிருக்கேன்.

சத்தமாச் சொல்லு, எஞ்சின் சத்தத்துல கேக்கல.

என்ன சொல்லுதான்னு கேட்டீங்களாக்கா. "நீன்னு தெரிஞ்சுதான்மா சொன்னேன். எதிர நின்னு சொன்னா நீ கத்துவ. அங்க இருந்தாத்தான் கத்த மாட்ட. நீ எதாவது சொல்லுவன்னு பாத்தேன், நீ ஒண்ணுமே சொல்லல. அதான் அந்தச் சாமியார்கிட்டச் சொன்னேன். இப்ப ஆயர்கிட்டச் சொல்லுதேன். அவரு சொன்னாவாவது நீ கேப்பல்லா"ங்கா.

அந்த ஜன்னலக் கொஞ்சம் ஏத்துங்கக்கா. காத்து வரட்டும். இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல. புழுக்கமா இருக்கு. இங்கன வாட்டி. நில்லாத, எம் மடியில உக்காரு. கூடைய அக்கா பிடிச்சுக்கிடுவாங்க.

அழாதட்டி. யாரு இப்ப ஒன்னையக் கத்துனா? எல்லாரும் பாக்காங்க பாரு. மூக்கத் தொட. எந் தங்கம்லா.

அக்கா, உங்களுக்குத் தெரியுமா, இப்ப, இந்த ஆகஸ்டு மாசத்துல போய்க் கேட்டா பள்ளிக்கூடத்துல சேத்துக்கிடுவாங்களா? கால்பரிட்சைகூட இன்னும் வரலியே. என்ன ஏதுன்னு கேப்பாங்க, என்ன? கேக்கட்டும். கண்டக்டர் தம்பி, அடுத்த ஸ்டாப்பிங் எது? பழையகாயலா? அங்க இருந்து திரும்பிப் போக பஸ் உண்டா? நாங்க ரெண்டு பேரும் அங்க எறங்கிக்கிடுதோம். ஆயர் எங்கயும் ஓடிற மாட்டாரு.

ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். அந்த இம்மாக்குலேட் சிஸ்டர் முன்னால நான் போய் நிக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன். இவ அப்பாவ அனுப்புவேன். அவிய போய்ப் பேசட்டும். என்னட்டி? ஏன் அவிய போனா என்ன?

"அப்பாவுக்கு நான் என்ன கிளாஸ்னே தெரியாதே"ங்கா. அதுவும் நெசந்தான். ஐஸ் கம்பெனியத் தவிர அவியளுக்கு என்ன தெரியும்?

சரி, சரி. நானே வாறேன். கேட் வரைக்கும்தான்.